15 நம்பரை வச்சு அடிப்படை ஸ்டாட்டிஸ்டிக்ஸ்: பிசினஸ் ஸ்டூடண்ட்ஸுக்கு முழுமையான வழிகாட்டி

பிசினஸ் படிக்க வர்றவங்கள்ல நிறைய பேருக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர்னாலே வயித்தக் கலக்கும், ஏன்னா முதல் கிளாஸ்லயே போர்டு ஃபுல்லா சிக்மா போட்டு ஃபார்முலா எழுதிடறாங்க, அது எதுக்கு வந்துச்சுன்னு மட்டும் சொல்ல மாட்டாங்க. நான் இங்க தலைகீழா போறேன். கையில 15 நம்பர், அத வச்சு என்னென்ன சொல்ல முடியும், எங்க ஏமாறுவோம், கடைசில ஒரு ஸ்லைடுல எப்படிக் காட்டறது, அவ்வளவுதான். கால்குலேட்டர் கூட ஓரமா வைங்க, ஒரு பேப்பர் பேனா போதும்.

ஒரு ஆன்லைன் விற்பனை கம்பெனி 15 ஆர்டர் அனுப்பிருக்கு, ஒவ்வொண்ணும் கஸ்டமர் கைக்குப் போய்ச் சேர எத்தன நாள் ஆச்சுங்கறது இது (கற்பனை உதாரணம்தான்):

3, 5, 2, 4, 3, 21, 4, 3, 6, 2, 4, 3, 5, 4, 3

ஸ்டெப் 1: முதல்ல கேள்விய எழுதுங்க

எக்செல் திறக்கறதுக்கு முன்னாடி, "இத வச்சு யாரு என்ன முடிவு எடுக்கப் போறாங்க"ன்னு ஒரு வரி எழுதிடுங்க. இங்க கேள்வி: வெப்சைட்டுல "இத்தன நாளுக்குள்ள டெலிவரி"ன்னு என்ன நம்பர் போடலாம்? கேள்வி இல்லாம ஆரம்பிச்சா 14 சார்ட் வரும், ஒண்ணுக்கும் அர்த்தம் இருக்காது.

ஸ்டெப் 2: எந்த வகை டேட்டான்னு பாருங்க

1946-ல எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ்னு ஒரு சைக்காலஜிஸ்ட் டேட்டாவ நாலு வகையா பிரிச்சாரு, இன்னிக்கும் எல்லா பாடத்துலயும் அதான் ஓடுது. பேர் மட்டும் (கஸ்டமர் ஐடி, ஊர், பேமெண்ட் முறை), வரிசை மட்டும் (மோசம், பரவால்ல, நல்லாருக்கு), இடைவெளிக்கு அர்த்தம் உண்டு ஆனா பூஜ்யம் சும்மா நாம வச்சது (செல்சியஸ் டிகிரி, 20 டிகிரிங்கறது 10 டிகிரியோட ரெண்டு மடங்கு சூடு கிடையாது), கடைசியா நிஜமான பூஜ்யம் இருக்கற அளவு (நாள், எடை, பணம்). நம்ம டெலிவரி நாள் நாலாவது வகை, அதனால கூட்டலாம் வகுக்கலாம், "ரெண்டு மடங்கு லேட்"னும் சொல்லலாம்.

ஏன் இத சொல்றேன்னா, சாஃப்ட்வேர் எதையும் கேக்காது. பின்கோடு இருக்கற நெடுவரிசைய செலக்ட் பண்ணி சராசரி கேட்டாலும் அழகா ரெண்டு டெசிமலோட குடுக்கும். 1-லருந்து 5 வரைக்கும் ஸ்டார் ரேட்டிங் இருக்குல்ல, அது வரிசை வகை, கறாரா பாத்தா அதுக்கு சராசரி எடுக்கக் கூடாது, ஆனா எல்லாரும் எடுக்கறாங்க. எடுத்தாலும் கூடவே எத்தன பேர் 5 குடுத்தாங்க, எத்தன பேர் 1 குடுத்தாங்கன்னு காட்டுங்க. பாதிப் பேர் 5, பாதிப் பேர் 1 குடுத்தாலும் சராசரி 3தான், எல்லாரும் 3 குடுத்தாலும் 3தான், ரெண்டும் ஒரே பிரச்சனையா?

ஸ்டெப் 3: சுத்தம் பண்ணுங்க, போரடிச்சாலும்

நேரத்துல பாதி இங்கதான் போகும். மூணு இடத்துல கண்டிப்பா கால் வழுக்கும். ஒண்ணு, காலி செல்லும் பூஜ்யமும் ஒண்ணு இல்ல: எக்செல் சராசரி எடுக்கும்போது காலி செல்ல விட்டுடும், 0-வ கணக்குல சேத்துக்கும், அதனால "தெரியல"ன்னு வர வேண்டிய இடத்துல யாராவது 0 அடிச்சிருந்தா சராசரி சத்தமில்லாம கீழ போயிடும். ரெண்டு, நம்பர் மாதிரியே இருக்கும் ஆனா டெக்ஸ்டா சேவ் ஆகிருக்கும், அத சராசரி ஃபார்முலா கண்டுக்கவே கண்டுக்காது. ஃபார்மேட் எதும் போடாத ஷீட்டுல செல்லுக்குள்ள இடது பக்கம் ஒட்டி நின்னா சந்தேகப்படுங்க. மூணு, தேதி. 03/04-ங்கறது மார்ச் 4-ஆ ஏப்ரல் 3-ஆ? ரெண்டு ஃபைல ஒண்ணா சேக்கும்போது இது வெடிக்கும். ஒரிஜினல் ஃபைல் மேல மட்டும் கை வைக்காதீங்க, காப்பி எடுத்து அதுல வேல பாருங்க.

ஸ்டெப் 4: வரிசைப்படுத்தி கண்ணால பாருங்க

2, 2, 3, 3, 3, 3, 3, 4, 4, 4, 4, 5, 5, 6, 21

இத ஒரு நிகழ்வெண் படமா (எது எத்தன தடவ வந்துச்சுன்னு காட்டற புள்ளிப் படம்) கையாலயே வரைங்க:

2 நாள் | ●●
3 நாள் | ●●●●●
4 நாள் | ●●●●
5 நாள் | ●●
6 நாள் | ●
21 நாள் | ●

ஒரு நிமிஷம்தான் ஆகும், ஆனா பாதிக் கதை இங்கயே வெளிய வந்துடும்: எல்லாம் 2-லருந்து 6-க்குள்ள கூட்டமா நிக்குது, ஒண்ணு மட்டும் வேற ஊர்ல நிக்குது. டேட்டா பெருசா இருந்தா ஹிஸ்டோகிராம் போடுங்க, அதாவது 0-5, 5-10னு பெட்டி பிரிச்சு ஒவ்வொண்ணுலயும் எத்தன விழுதுன்னு காட்டறது. எத்தன பெட்டி வைக்கறதுன்னு எல்லாரும் கேப்பாங்க. 1926-ல ஸ்டர்ஜஸ்னு ஒருத்தர் ஒரு விதி சொன்னாரு, அதுப்படி 200 நம்பருக்கு 9 பெட்டி கிட்ட வரும், ஆரம்பத்துக்கு சரி. ஆனா பெட்டி அகலத்த மாத்தி மூணு தடவ போட்டுப் பாருங்க, ஒரு அகலத்துல ஒத்த மலையா தெரியறது இன்னொண்ணுல ரெண்டு மலையா பிரியும், அந்த ரெண்டாவது மலைதான் பெரும்பாலும் முக்கியமான விஷயம் (ரெண்டு குடோன், ரெண்டு கூரியர், இப்படி).

ஸ்டெப் 5: நடு எங்க இருக்கு

மூணு நடு இருக்கு. சராசரி: எல்லாத்தையும் கூட்டினா 72, 15-ஆல வகுத்தா 4.8. இடைநிலை: வரிசையில நட்ட நடுவுல நிக்கறது, இங்க 8-வது ஆள், அதாவது 4. முகடு: அதிகமா வந்தது, 3.

மூணுக்கும் மூணு பதில், மூணுமே சரிதான். ஆனா 4.8-ஐ கொஞ்சம் உத்துப் பாருங்க. 4.8-க்கு மேல போனது 5, 5, 6, 21, மொத்தம் நாலே ஆர்டர். மீதி 11 ஆர்டர் "சராசரிய" விட சீக்கிரமா போயிருக்கு. அந்த 21-ஐ மட்டும் எடுத்துட்டா சராசரி 3.64-க்கு இறங்கிடும், ஆனா இடைநிலை அசையுதான்னு பாருங்க: 14 நம்பர்ல 7-வது 3, 8-வது 4, ரெண்டுக்கும் நடு 3.5. சராசரி 1.16 குறைஞ்ச இடத்துல இது 0.5தான் குறைஞ்சிருக்கு. சம்பளம், வீட்டு விலை, ஒரு கஸ்டமர் பண்ற செலவு மாதிரி ஒரு பக்கம் வால் நீளமா இருக்கற எதுக்கும் இடைநிலைதான் நம்பகம். சராசரி வேஸ்ட்டுனு அர்த்தம் இல்ல, மொத்தம் எவ்வளவுங்கற கேள்விக்கு (ஸ்டாக், பட்ஜெட், ஆள் பலம்) சராசரிதான் வேணும், ஏன்னா சராசரிய எண்ணிக்கையால பெருக்குனா மொத்தம் திரும்பக் கிடைக்கும், இடைநிலைல அது நடக்காது.

என் சொந்தக் கதை ஒண்ணு. முதல் வேலைல, சேந்த மூணாவது மாசம், பெருமையா ஒரு சராசரிய பெரிய எழுத்துல ஸ்லைடுல போட்டுட்டு நின்னேன். மேனேஜர் பாத்துட்டு, "இந்த சராசரி கஸ்டமர எனக்கு ஒரு தடவ காட்டுப்பா"ன்னாரு. தேடிப் பாத்தா அந்த நம்பர் கிட்ட ஒரு கஸ்டமரும் இல்ல, பாதி ரொம்பக் கீழ, பாதி ரொம்ப மேல. அன்னிக்கு காது சிவந்துச்சு, அதுக்கப்புறம் புள்ளி வச்சுப் பாக்காம ஒரு சராசரியும் நான் வெளிய விட்டதில்ல.

இன்னொரு குழி, சராசரியோட சராசரி. ஒரு பிராஞ்ச்ல 900 பேர் ரேட்டிங் 4.0, இன்னொண்ணுல 100 பேர் ரேட்டிங் 2.0. ரெண்டையும் கூட்டி பாதியாக்கினா 3.0. நிஜத்துல 3.8, ஏன்னா 900 பேரோட எடைய கணக்குல எடுக்கணும். வளர்ச்சி விகிதத்துலயும் இதே ஏமாத்து வேல இருக்கு: முதல் வருஷம் 50% ஏறுது, அடுத்த வருஷம் 50% இறங்குது, சராசரி பூஜ்யம்னு எழுதிடுவோம், ஆனா 100 ரெண்டு வருஷத்துல 150 ஆகி 75-ல வந்து நிக்குது. பெருக்கலா போற விஷயத்துக்கு பெருக்குச் சராசரி (ரெண்டு வருஷத்து மடங்கையும் பெருக்கி, ஸ்கொயர் ரூட்) எடுக்கணும், எடுத்தா வருஷத்துக்கு சுமார் 13.4% இறக்கம்னு உண்மை தெரியும்.

ஸ்டெப் 6: எவ்வளவு பரவி இருக்கு

நடுவ மட்டும் சொல்றது பாதி பதில்தான். வீச்சு ரொம்ப ஈசி, 21-லருந்து 2 போனா 19, ஆனா ரெண்டே ஆள நம்பி நிக்கற அளவு அது.

திட்ட விலக்கம்னு பாடத்துல வர்றத, அதான் ஸ்டாண்டர்ட் டீவியேஷன், ஒரே ஒரு தடவ கையால போட்டுப் பாத்தா பயம் போயிடும். ஒவ்வொரு நம்பரும் 4.8-லருந்து எவ்வளவு தூரம்? 3 வந்து 1.8 கீழ, 5 வந்து 0.2 மேல. இத அப்படியே கூட்டினா மேலயும் கீழயும் அடிச்சுக்கிட்டு பூஜ்யம் வந்துடும், அதனால ஸ்கொயர் பண்ணிக் கூட்டறோம்: மொத்தம் 298.4. இத 14-ஆல வகுக்கறோம், 21.3 வருது, ஸ்கொயர் ரூட் எடுத்தா 4.62 நாள். ரூட் எடுக்கறது ஏன்னா "ஸ்கொயர் நாள்"னு ஒண்ணு உலகத்துல இல்ல, திரும்ப நாளுக்கு வரணும்.

ஏன் 15 இல்லாம 14? சராசரிய இதே 15 நம்பர்லருந்துதான் எடுத்தோம், அதனால 14 பேரோட விலகல் தெரிஞ்சா 15-வது ஆளோடது தானா தெரிஞ்சுடும், சுதந்திரமா இருக்கறது 14 பேர்தான். சாம்பிள் எடுத்து பெரிய கூட்டத்தப் பத்திப் பேசறப்ப இப்படி. மொத்தக் கூட்டமே கையில இருந்தா 15-ஆல வகுங்க. எக்செல்ல இதுக்குன்னே ரெண்டு ஃபார்முலா, எஸ்-னு முடியறது சாம்பிளுக்கு, பி-னு முடியறது முழுக் கூட்டத்துக்கு.

இப்ப ஒரு வேடிக்க பாருங்க. அந்த 298.4-ல 262.44 ஒரே ஒரு நம்பர், 21 போட்டது. கிட்டத்தட்ட 88%. அந்த ஒருத்தர வெளிய நிறுத்தினா திட்ட விலக்கம் 4.62-லருந்து 1.15-க்கு விழுந்துடும். புக்குல "சராசரிக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு திட்ட விலக்கத்துக்குள்ள 95% இருக்கும்"னு படிச்சிருப்பீங்க, இங்க அத போட்டா கீழ் எல்லை மைனஸ் 4.4 நாள், அதாவது கஸ்டமர் ஆர்டர் பண்றதுக்கு நாலு நாள் முன்னாடியே டெலிவரி! 68, 95, 99.7ங்கற அந்தக் கணக்கு (ஒண்ணு, ரெண்டு, மூணு திட்ட விலக்கத்துக்குள்ள எத்தன சதவீதம்ங்கறது) மணி மாதிரி இருக்கற நார்மல் வடிவத்துக்குத்தான் பொருந்தும், எல்லாத்துக்கும் இல்ல. எக்ஸாம்ல இத மறந்தா மார்க் போகும், வேலைல மறந்தா மானம் போகும்.

இந்த மாதிரி டேட்டாவுக்கு கால்மானம் பெட்டர். வரிசைய நாலா வெட்டுங்க: கால்வாசி 3, நடு 4, முக்கால்வாசி 5. நடுப் பாதி ஆர்டர் 3-லருந்து 5 நாளுக்குள்ள, இடைவெளி 2. (எக்செல்ல செக் பண்ணி 4.5 வருதேன்னு குழம்பாதீங்க, கால்மானத்துக்கும் அதுல ரெண்டு ஃபார்முலா இருக்கு, ஒண்ணு 4.5 சொல்லும் இன்னொண்ணு 5 சொல்லும், கணக்கு முறை வேற, ரெண்டும் தப்பில்ல, எதப் பயன்படுத்தினீங்கன்னு எழுதிட்டா போதும்.)

ஸ்டெப் 7: அந்த 21-ஐ என்ன பண்றது

ஜான் டூக்கிங்கற ஸ்டாட்டிஸ்டிக்ஸ் நிபுணர் குடுத்த விதி ரொம்ப ஃபேமஸ்: முக்கால்வாசிக்கு மேல, ஸ்டெப் 6-ல பாத்த இடைவெளில ஒன்றரை மடங்கு (1.5 × 2 = 3) போங்க, 5 + 3 = 8. அதத் தாண்டினது விலகி நிக்கற புள்ளி. 6 உள்ள இருக்கு, 21 வெளிய.

வெளிய இருக்குன்னு உடனே டெலிட் பண்ணாதீங்க, இதான் ஸ்டூடண்ட்ஸ் பண்ற பெரிய தப்பு. விதி உங்களுக்கு "போய் விசாரி"ன்னுதான் சொல்லுது. அந்த ஆர்டரோட லாக் (எப்ப எங்க போச்சுங்கற பதிவு) எடுத்துப் பாக்கணும்: 12-ஐ 21-னு மாத்தி அடிச்சிருக்காங்களா, அப்படின்னா திருத்துங்க. கஸ்டமர் திருப்பி அனுப்பி மறுபடி போன பார்சலா, அப்படின்னா இது வேற வகை சம்பவம், தனியா வைங்க. நிஜமாவே குடோன்ல மூணு வாரம் தூங்கிச்சா, அப்ப உங்க ரிப்போர்ட்லயே முக்கியமான வரி அதான். எதப் பண்ணாலும் கீழ ஒரு வரி எழுதிடுங்க, சத்தமில்லாம தூக்கறது மட்டும் வேணாம்.

ஸ்டெப் 8: சதவீதம், ஒப்பீடு

கன்வெர்ஷன் (வந்து பாத்தவங்கள்ல எத்தன சதவீதம் வாங்கினாங்கங்கறது) 4%-லருந்து 5% ஆச்சுன்னா அது 1 சதவீதப் புள்ளி ஏத்தம், அதே நேரத்துல 25% வளர்ச்சி. ரெண்டும் நிஜம், மார்க்கெட்டிங் டீம் எதச் சொல்லும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. நம்ம 15-ல 14 ஆர்டர் 6 நாளுக்குள்ள போச்சு, இத 93.3%னு எழுதாதீங்க, 15 ஆள வச்சுக்கிட்டு டெசிமல் போடறது ஓவர். "15-ல 14"னே சொல்லுங்க.

இதுலயே ரொம்ப வஞ்சகமான ஒண்ணு இருக்கு. ரெண்டு சேல்ஸ் ஆளுங்க, ஆளுக்கு 100 பேர்கிட்ட பேசினாங்க. முதல் ஆள் பழைய கஸ்டமர் 90 பேர்ல 45, புதுசு 10 பேர்ல 1 வித்தாரு, மொத்தம் 46. ரெண்டாவது ஆள் பழசு 10 பேர்ல 6, புதுசு 90 பேர்ல 18, மொத்தம் 24. மொத்தத்த மட்டும் பாத்து முதல் ஆளுக்கு போனஸ் குடுத்துடுவோம். ஆனா பிரிச்சுப் பாருங்க, பழசுல 50%-க்கு 60%, புதுசுல 10%-க்கு 20%, ரெண்டுலயுமே ரெண்டாவது ஆள்தான் மேல! அவருக்கு கஷ்டமான வேலைய தள்ளிவிட்டிருக்காங்க, அவ்வளவுதான். இதுக்குப் பேரு சிம்ப்சன் முரண். ஏதாவது ரெண்ட ஒப்பிடும்போது "உள்ள கலவை ஒண்ணா இருக்கா"ன்னு கேளுங்க.

ஸ்டெப் 9: யாரக் கேட்டோம்

1936 அமெரிக்க அதிபர் தேர்தல்ல லிட்டரரி டைஜஸ்ட்னு ஒரு பத்திரிகை சுமார் 1 கோடி பேருக்கு ஃபார்ம் அனுப்புச்சு, 20 லட்சத்துக்கும் மேல பதில் வந்துச்சு, லேண்டன்தான் ஜெயிப்பாருன்னு அடிச்சுச் சொல்லுச்சு. ரூஸ்வெல்ட் சுமார் 61% ஓட்டு வாங்கி ஜெயிச்சாரு, லேண்டனுக்கு ரெண்டே மாநிலம். போன் புக், கார் ரிஜிஸ்டர் மாதிரி லிஸ்ட்லருந்து பேர் எடுத்தாங்க, அந்தக் காலத்துல அது வசதியானவங்க லிஸ்ட், போதாததுக்கு பதில் போட மெனக்கெட்டவங்க மட்டும்தான் கணக்குல வந்தாங்க. உங்க ஆன்லைன் சர்வேயும் இப்படித்தான், கோவமா இருக்கறவங்களும் ரொம்ப சந்தோஷமா இருக்கறவங்களும் ஃபில் பண்ணுவாங்க, நடுவுல இருக்கறவங்க மூடிட்டுப் போயிடுவாங்க.

சாம்பிள் ஒழுங்கா, குலுக்கல் முறையில எடுத்திருந்தா, சதவீதத்துக்கு தோராயப் பிழை 1-ஐ எண்ணிக்கையோட ஸ்கொயர் ரூட்டால வகுத்தா வரும்: 100 பேர்னா கூட்டியோ குறைச்சோ 10 புள்ளி, 400 பேர்னா 5, 1600 பேர்னா 2.5. பிழைய பாதியாக்க நாலு மடங்கு ஆள் வேணும், பட்ஜெட் கேக்கும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

ஸ்டெப் 10: ரெண்டு விஷயத்துக்கு தொடர்பு

ஒட்டுறவுக் கெழு (கோரிலேஷன், ரெண்டு அளவு எவ்வளவு சேந்து மாறுதுன்னு சொல்ற நம்பர்) மைனஸ் 1-லருந்து பிளஸ் 1 வரைக்கும் போகும், நேர்கோட்டுத் தொடர்ப மட்டும்தான் அளக்கும். 1973-ல ஆன்ஸ்கோம்ப்னு ஒரு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் நிபுணர் 11 புள்ளி வீதம் நாலு டேட்டா செட்டு செஞ்சு காமிச்சாரு, நாலுலயும் சராசரி, பரவல், ஒட்டுறவு (0.816) எல்லாம் ஒண்ணே, வரைஞ்சு பாத்தா ஒண்ணு சாதாரண சிதறல், ஒண்ணு வளைவு, ஒண்ணு நேர்கோடும் விலகின ஒரு புள்ளியும், கடைசி ஒண்ணு ஒரே ஒரு புள்ளியால மட்டும் நிக்கற கோடு. அதனால ஸ்கேட்டர் படம் (ஒரு அளவு கிடையா, இன்னொண்ணு நெட்டா வச்சு புள்ளி வைக்கறது) முதல்ல, நம்பர் அப்புறம். விளம்பரச் செலவும் விற்பனையும் சேந்து ஏறுதுன்னா விளம்பரம்தான் காரணம்னு எழுதிடாதீங்க, சீசன் வருதுன்னு தெரிஞ்சு ரெண்டையும் நாமளேதான் ஏத்தியிருப்போம்.

ஸ்டெப் 11: எந்த சார்ட்

1786-ல வில்லியம் பிளேஃபேர்ங்கறவர் வர்த்தகக் கணக்க கோடா வரைஞ்சு காட்டினாரு. ஸ்காட்லாந்துக்கு மட்டும் பல வருஷக் கணக்கு அவர்கிட்ட இல்ல, ஒரே வருஷம்தான் இருந்துச்சு, வேற வழியில்லாம பார் சார்ட் போட்டாரு. டேட்டா எப்படி இருக்கோ அதுதான் சார்ட்ட முடிவு பண்ணுதுங்கறதுக்கு இத விட நல்ல உதாரணம் கிடைக்காது. காலப்போக்குக்கு கோடு, வகைகள ஒப்பிட பார், ஒரு அளவோட பரவலுக்கு ஹிஸ்டோகிராம் இல்லன்னா பாக்ஸ் பிளாட் (கால்வாசி, நடு, முக்கால்வாசிய ஒரு பெட்டியா வரையறது), ரெண்டு அளவுக்கு ஸ்கேட்டர்.

பை சார்ட்டும் 1801-ல அவர் கண்டுபிடிச்சதுதான், எனக்கு அது மேல பெரிய மரியாத இல்ல. 1984-ல கிளீவ்லேண்டும் மெக்கில்லும் சோதிச்சுப் பாத்தாங்க, மனுஷக் கண்ணு ஒரே அளவுகோல்ல இருக்கற உயரத்த ஒப்பிடறதுல கில்லி, கோணத்த ஒப்பிடறதுல அந்தளவுக்கு இல்ல. மூணு நாலு துண்டு, கூட்டினா 100%, அதுக்குன்னா பை ஓகே. 9 துண்டு, 3டி, நிழல்? வேணவே வேணாம்.

பார் சார்ட் கண்டிப்பா 0-லருந்து ஆரம்பிக்கணும். 92-ம் 95-ம் இருக்கு, நெட்டு அச்ச (அளவு போடற கோடு) 90-லருந்து ஆரம்பிச்சா ஒரு பார் 2 உயரம் இன்னொண்ணு 5 உயரம், ரெண்டரை மடங்கு மாதிரி தெரியும், நிஜ வித்தியாசம் 3% சொச்சம். கோட்டுப் படத்துக்கு இந்தக் கட்டாயம் இல்ல, ஏன்னா அங்க உயரத்த இல்ல, சாய்வத்தான் படிக்கறோம். பார்கள அகர வரிசைல விடாம பெருசுலருந்து சிறுசா அடுக்குங்க. ஒரு கலர் போதும், எதச் சொல்ல வர்றீங்களோ அதுக்கு மட்டும் அடர்த்தியா இன்னொரு கலர். சிவப்பு பச்சை ஜோடிய மட்டும் நம்பாதீங்க, அந்த ரெண்டையும் பிரிச்சுப் பாக்க முடியாதவங்க நிறைய பேர், அதுலயும் ஆண்கள்ல அதிகம். டேபிளா போட்டா நம்பர்கள வலது பக்கம் ஒட்டி வைங்க, எல்லாத்துக்கும் ஒரே டெசிமல், யூனிட் தலைப்புல.

ஸ்டெப் 12: ஸ்லைடு

"டெலிவரி நேரப் பகுப்பாய்வு"ன்னு தலைப்பு வைக்காதீங்க, அது ஃபைல் பேரு. தலைப்புலயே விடை இருக்கணும். நம்ம டேட்டாவுக்கு நான் வைக்கறது இது:

"15-ல 14 ஆர்டர் 6 நாளுக்குள்ள போய்ச் சேருது, ஒண்ணு மட்டும் 21 நாள்"

கீழ அந்தப் புள்ளிப் படம், 21 மட்டும் அடர் கலர்ல, பக்கத்துல ஒரு வரி: "லாக் சரிபாக்கப்பட்டது, குடோன்ல தேங்கின பார்சல்" (இல்ல என்ன காரணமோ அது). ஓரத்துல சின்னதா: இடைநிலை 4 நாள், நடுப் பாதி 3-5 நாள், எண்ணிக்கை 15, எந்தத் தேதிலருந்து எந்தத் தேதி வரைக்கும் எடுத்ததுன்னு. ஸ்டெப் 1-ல எழுதின கேள்விக்கு பதில்: வெப்சைட்டுல "6 நாளுக்குள்ள"ன்னு போடலாம், ஆனா 15 ஆர்டர் ரொம்பக் கம்மி, இன்னும் சில நூறு ஆர்டர் பாத்துட்டு அப்புறம் போடறது நல்லதுன்னு அதையும் அந்த ஸ்லைடுலயே சொல்லிடுங்க. 4.8 அந்த ஸ்லைடுல எங்கயும் வராது.